முட்டி வலி என்று நான் சொன்ன பொய்

எந்தப் படிவத்தை எப்படி நிரப்பினால் காரியம் நடக்கும் என்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கூடுவாஞ்சேரியில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஏழுமலை, எல்லையில் சண்டை பார்த்துத் திரும்பிய ஹவில்தார். பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கடியில் ஒடுங்கிவிடுவார். மனநல மருத்துவரைப் பார்க்க அவரே முடிவெடுத்து, என்னைத் துணைக்கு அழைத்தார்.

முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் நீண்ட வரிசை, பாதிப் பேர் தெரிந்த முகங்கள். ஏழுமலையின் மகளுக்கு வரன் பார்க்கும் நேரம் வேறு. "என்ன தொந்தரவு?" என்று சீட்டு எழுதுபவர் கேட்டதும், நான் முந்திக்கொண்டு "முட்டி வலி" என்றேன். உள்ளே போய் ரகசியமாக மாற்றிக்கொள்ளலாம் என்பது என் சாமர்த்தியம்.

"முட்டி நல்லாத்தான் கீது," என்றார் ஏழுமலை, வரிசை முழுக்கக் கேட்கும்படி. "சண்டைக்குப் போய் வந்ததுலேருந்து மனசுதான் சரியில்ல. அந்த டாக்டருக்கு எழுதுப்பா. சார் பாவம், எனக்காக வெக்கப்பட்டுகினு கீறாரு."

பின்னால் நின்ற மீசைக்காரர் தன் பழைய சீட்டை நீட்டினார். "எனக்கும் மாத்து தம்பி. மூணு வருஷமா முட்டிக்குத் தைலம் தடவிகினு கீறேன்."

இருவரும் ஒரே பெஞ்சில் காத்திருந்தார்கள். எனக்கு அங்கே வேலையில்லை. இருந்தும் ஏழுமலையை ஒட்டி நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவருடன் வந்தவன் நான் என்று எல்லோருக்கும் தெரியட்டும்.