முந்திக்கொண்டு சொன்ன சாட்சி

ஆண்டவருக்குப் பிரியமானவர்களே, எங்கள் வெள்ளிக்கிழமைச் செபக்கூட்டத்தில் என் விண்ணப்பத்தைச் சொல்ல நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிருந்தது. மற்றவர்களுக்கு வாரத்துக்கு ஒரு கஷ்டம் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், மருமகளோடு சண்டை, பரீட்சை பயம். எனக்கு ஒரே கஷ்டம். என் முறை வரும்போது கூட்டத்தை நடத்தும் மதலேன் அக்கா கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

"மேரி, அதேதானா?"

"அதேதாங்க்கா."

அவ்வளவுதான். அடுத்தவரிடம் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவில்லை. வருஷக்கணக்காக ஒரே விண்ணப்பத்தைக் கேட்டால் யாருக்குத்தான் சலிக்காது? எனக்கே சலித்துவிட்டது.

'அதே' என்பது என் வீட்டுக்காரர் சூசையின் குடி. எழுபதுகளின் கடைசி அது. நெல்லித்தோப்பில் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அவர் மில்லில் ஃபிட்டர். புதுச்சேரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடிப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறி வருகிற ஊர். என் வீட்டுக்காரருக்கு அந்தச் சிரமம் கூட இல்லை. மில்லுக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் சாராயக்கடை. குடிக்காத நேரத்தில் அவர் நல்ல மனுஷன். ஆனால் அந்த நேரம் பெரும்பாலும் தூக்கத்திலேயே கழிந்தது.

வந்தால் முதலில் பாத்திரம் பறக்கும். பிறகு என் மேல் கை நீளும். எங்கள் ஒரே மகள் விமலாவுக்கு அப்போது ஒன்பது வயது. சந்தில் வரும் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவாள். சத்தம் இழுபட்டால் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய விஷயமா அது?

யார் என்ன சொன்னாலும் செய்தேன். வில்லியனூருக்கு வெறுங்காலோடு நடந்து போய் மாதாவிடம் அழுதேன். காப்பியில் தீர்த்தம் கலந்து கொடுத்தேன். ஒருத்தி மந்திரித்த, காசளவு அந்தோணியார் சுரூபம் ஒன்றைக் கொடுத்து, சட்டைக் காலரில் வைத்துத் தைக்கச் சொன்னாள். தைத்தேன். அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேராகச் சாராயக்கடைக்குப் போனார். புனிதரும் கூடவே போய் வந்ததுதான் மிச்சம். இன்று சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்று அந்தச் சட்டையைத் துவைக்கும்போது கல்லின் மேலேயே தலையை வைத்து அழுதேன்.

அந்த வருஷம் தவக்காலத்தில் ஒரு நாள், அவர் வீசிய சொம்பு விமலாவின் நெற்றியில் பட்டுவிட்டது. தையல் போட வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். "பிள்ளைய எங்க மடத்து போர்டிங்ல விட்டுடும்மா. திங்கட்கிழமை கூட்டிட்டு வா" என்றார். நான் சரி என்றேன்.

வியாழக்கிழமை அவளுடைய பாவாடை சட்டைகளை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சாமிக்கு நம்ம ஊடு எதுன்னு தெரியாதா?" என்று கேட்டாள்.

நான் அடுத்த பாவாடையை எடுத்து மடித்தேன். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டிருந்தது. அவளை மடத்தில் விட்டுவிட்டுத் திரும்பிய பிறகு நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அதற்கப்புறம் எனக்கு ஒரு நாள் கூட இருப்பதாகத் தோன்றவில்லை. விசுவாசிகள் இப்படியெல்லாம் நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். நினைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இனி இந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை என்ற முடிவோடுதான் போனேன். தவக்கால ஒருசந்தி நோன்பு வேறு. காலையிலிருந்து ஒரு வாய்க் கஞ்சி கூடக் குடித்திருக்கவில்லை. மதலேன் அக்கா வீட்டு வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். அக்காவின் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அக்கா செபத்தையும் பட்டாளம் போலத்தான் நடத்துவார். நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும், பாடச் சொன்னால் பாட வேண்டும்.

அந்த வாரம் அவர் எங்கோ தியானத்துக்குப் போய் வந்திருந்தார். கேட்டது கிடைத்துவிட்டதாக விசுவாசித்து முன்கூட்டியே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று அங்கே பிரசங்கம் கேட்டிருக்கிறார். என் முறை வந்தது. வழக்கம்போல 'அதேதானா' என்று கேட்பார் என்று தலையைக் குனிந்திருந்தேன். அக்கா எழுந்து நின்றார்.

"போதும்! இன்னியோட செ ஃபினி! முடிஞ்சிது! நம்ப மேரி ஊட்டுக்காரரு குடிய வுட்டுட்டாரு! எல்லாரும் கையத் தட்டி ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்க!"

எல்லாரும் தட்டினார்கள். ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். இன்னொருத்தி ஓடிப்போய் உள்ளேயிருந்து சர்க்கரை கொண்டுவந்து என் வாயில் போட்டாள். 'இல்லை, அவர் விடவில்லை, இந்நேரம் கடையில்தான் இருப்பார்' என்று எழுந்து சொல்லப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முயற்சி செய்தேன். கால் எழவில்லை. தொடை நடுங்கி மறுபடியும் பாயில் உட்கார்ந்துவிட்டேன். வாய் நிறையச் சர்க்கரை. அதற்குள் அக்கா பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

பழைய ஆட்களுக்குத் தெரியும், அது விசுவாசத்தில் சொன்னது என்று. ஆனால் பின்வரிசையில் அன்றைக்கு முதல் தடவையாக அஞ்சலை என்று ஒருத்தி வந்திருந்தாள். இந்துப் பெண். பிள்ளைக்கு இழுப்பு என்று செபிக்கக் கூட்டி வந்திருந்தாள். அவள் அதை நடந்த செய்தியாகவே எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பிழைப்பு எங்கே தெரியுமா? என் வீட்டுக்காரர் போகும் அதே சாராயக்கடை வாசலில் சுண்டலும் அவித்த முட்டையும் விற்பது. நான் சூசை பெண்டாட்டி என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை நடந்ததை அவரே பின்னால் எனக்குச் சொன்னார். வேலை முடிந்து கடை வாசலுக்குப் போயிருக்கிறார். அஞ்சலை தூரத்திலேயே பார்த்துவிட்டு, "யோவ் சூச! நீ குடிய வுட்டுட்டியாமே! கூட்டத்துல சொன்னாங்க. ஒன் பொண்டாட்டி வாயி நெறய சக்கர போட்டாங்கய்யா!" என்று கத்தியிருக்கிறாள். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். கேலி செய்திருந்தால் இவர் ரெண்டு கிளாஸ் கூடவே குடித்திருப்பார். யாரும் கேலி செய்யவில்லை. மில்லில் இவரோடு வேலை பார்த்த கோவிந்தன் என்பவர், இவரைவிட மொடாக்குடியர், எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"எப்டிடா வுட்ட? எனுக்கும் சொல்லேன். எம் பையன் எம் மூஞ்சில முழிக்க மாட்டேங்குறான்டா."

அதற்குப் பிறகு கிளாஸுக்குக் கை நீட்ட இவரால் முடியவில்லை. கோபம் மட்டும் தலைக்கு ஏறி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார், என்னை உதைக்க.

வெளிச்சம் இருக்கும்போதே சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. விமலா என்னைப் பார்த்தாள். "அம்மா, நைனா நேரா நடந்து வருது" என்றாள். குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். குடிக்காமல் வந்தால் என்ன செய்வார் என்று தெரியாதே!

வாசலில் நின்றார்.

"கூட்டத்துல இன்னா சொன்ன?"

"நா ஒண்ணும் சொல்லல. அக்காதான் சொன்னாங்க."

"நீ இல்லன்னு சொன்னியா?"

"சொல்லல."

கையை ஓங்கினார். அப்போதுதான் கதவோரம் இருந்த தகரப் பெட்டி அவர் கண்ணில் பட்டது. "இது இன்னா பொட்டி?" என்றார்.

விமலா டிரம்முக்குப் பின்னாலிருந்தே சொன்னாள். "என்துதான் நைனா. திங்கக்கெழம மடத்துக்குப் போறேன். இனிமே அங்கதான்."

ஓங்கிய கை கீழே வந்தது. அவர் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே, "அந்தம்மா சொன்னது இன்னிக்கி ஒரு நாளாச்சும் நெசமா இருந்துட்டுப் போவட்டும்" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் சொன்னார். நான் சோறு போட்டேன். சாப்பிட்டார்.

இத்தோடு அல்லேலூயா என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் சாட்சி என்றால் உள்ளதைச் சொல்ல வேண்டும். மறுநாளிலிருந்து அவருக்குக் கை கால் எல்லாம் உதற ஆரம்பித்தது. வாந்தி. இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் கொண்டுபோனேன். இப்படித் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் அம்மா சொல்லிப் படுக்கையில் போட்டார். குடித்தாலும் சாவு, விட்டாலும் சாவா என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். திங்கட்கிழமை வந்தது, போனது. விமலாவை மடத்துக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. பெட்டி மட்டும் கட்டினபடியே கிடந்தது. அதைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எலும்பும் தோலுமாக வீடு திரும்பினார். தெருவில் எல்லாரும் அவரை நிறுத்தி வைத்துப் பாராட்டினார்கள். அது அவருக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. "ஊரே சேந்துகினு என்ன யோக்கியனாக்கிப் பூடும் போலக்குது" என்று முனகுவார். அந்த வாரமே பங்குச் சாமியார் சைக்கிளை வாசலில் நிறுத்தினார். பெரிய வியாழன் பூசையில், ஆண்டவர் சீடர்களுக்குச் செய்தது போலச் சாமியார் பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரில் சூசையும் ஒருவராக இருக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் பதறிப்போனார்.

"என் காலா சாமி? இது எங்கெங்க போன காலுன்னு ஒங்களுக்குத் தெரியாது. வாணாம் சாமி."

சாமியாரை வழியனுப்பும் சாக்கில் நான் சைக்கிள் வரைக்கும் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். "சாமி, அவரு வுட்டுட்டாருன்னு சொன்னப்ப வுடல. இப்பத்தான் கொஞ்ச நாளா குடிக்காம கீறாரு. நாளைக்கே குடிச்சாலும் குடிப்பாரு."

சாமியார் சிரித்தார். "ஆண்டவர் பன்னிரண்டு பேர் காலைக் கழுவினாரே, அன்னிக்கு ராத்திரியே காட்டிக்கொடுத்தவனும் விட்டுட்டு ஓடினவங்களும் அவங்கதானேம்மா?" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தார்.

பெரிய வியாழன் காலையில் என் வீட்டுக்காரர் கிணற்றடியில் உட்கார்ந்து தேங்காய் நாரால் காலைத் தேய்த்த தேய்ப்பில் தோல் சிவந்துவிட்டது. "சாமியாருக்கும் கொஞ்சம் வேல வைங்க" என்றேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அது. மாலையில் பீடத்துக்கு முன்னால் போட்ட பெஞ்சில் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தார். சாமியார் முழங்காலிட்டுத் தண்ணீர் ஊற்றியதும் கால் உதற ஆரம்பித்தது. தண்ணீர் சாமியாரின் அங்கியெல்லாம் தெறித்தது. கோவில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மானமே போவது போல இருந்தது. சாமியார் அவசரப்படவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உதறல் நிற்கும் வரைக்கும் பிடித்திருந்தார். பிறகு துடைத்து முத்தமிட்டார். என் வீட்டுக்காரர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் விமலா யாரையும் கேட்காமல் தகரப் பெட்டியைத் திறந்தாள். மடித்து வைத்த பாவாடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள்.

அதற்குப் பிறகும் அவர் இரண்டு தடவை விழுந்தார். ஒரு தடவை நடுத்தெருவில் தள்ளாடியதைப் பார்த்தவர்கள், "பாவம், ஒடம்புக்கு முடியல போலக்குது" என்று கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். குடித்திருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வெட்கமே அவரை மறுபடி எழுப்பியது. பிறகு மில் வேலை போய், தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். கோவிந்தனையும் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அழைத்து வந்தார். விமலா அவரோடு சைக்கிளில் பள்ளிக்கூடம் போனாள். சிரித்துக்கொண்டே போனாள்.

ஆனால் ஈரல் முன்பே கெட்டுப்போயிருந்தது. எண்பத்து நாலில் வயிறு வீங்கிப் படுத்தவர் பிறகு எழவில்லை. கொடுத்ததைப் பிடுங்குவதற்கா கொடுத்தீர் என்று ஆண்டவரிடம் கேட்டேன். இன்றைக்கும் சில நாள் கேட்கிறேன். அவர் கோபித்துக்கொள்வதில்லை.

கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"மேரி, அன்னிக்கி நீ எந்திரிச்சி, அது பொய்யின்னு சொல்லியிருந்தின்னா, நா இன்னா ஆயிருப்பேன்?"

"எந்திரிச்சி சொல்லத்தான் பாத்தேன். ஒருசந்தி பட்டினி, காலுல தெம்பு இல்லாம ஒக்காந்துட்டேன்."

என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தார்.

"நல்ல வேள, அன்னிக்கி நீ கஞ்சி குடிக்கல" என்றார்.

பிரியமானவர்களே, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் இன்னும் போகிறேன். ஒரே விண்ணப்பத்தோடு வருஷக்கணக்காக வருகிற பெண்கள் இப்போதும் இருக்கிறார்கள். 'அதேதானா' என்று நான் கேட்பதில்லை. போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். என் விசுவாசம் பெரிது என்று இதை எழுதவில்லை. அன்றைக்கு என்னிடம் விசுவாசமும் இல்லை, தெம்பும் இல்லை. என் ஆண்டவர் அந்தத் தெம்பில்லாத காலை வைத்தே எனக்குப் பதில் கொடுத்தார். அவருக்கு நன்றி. உனக்கும் எழுந்து நிற்க முடியவில்லையா, மகளே? நிற்க வேண்டாம். அந்தப் பாயிலேயே உட்கார்ந்திரு. அவருக்கு உன் வீடு தெரியும்.