இடது கைக்குச் சுற்றிய ரீல்

காயில்காரர் என்றால் அந்தத் தெருவில் யாரும் கடையைக் காட்டுவார்கள். எரிந்துபோன மின்விசிறியோ முனகும் தண்ணீர் மோட்டாரோ, எதைக் கொடுத்தாலும் பழைய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பார். வாய்விட்டு எண்ணிக்கொண்டேதான் சுற்றுவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு, முழுவதையும் அவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். பிழைக்கத் தெரியாத மனுஷர் என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லிவிட்டு மோட்டாரை அவரிடமேதான் கொண்டுவருவார்கள்.

அவர் மனைவி பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஞாயிறானால் ஏரியில் தூண்டில். புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுக் கரையில் கொட்டாவி விடுகிற தூண்டில் இல்லை. இறகில் செய்த பொய்ப்பூச்சியைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி, தண்ணீர்மேல் அலுங்காமல் இறக்குகிற வித்தை. பூச்சிக்கு எடையே கிடையாது, கனமான கயிறுதான் அதைச் சுமந்துபோக வேண்டும். அப்படி வீசத் தோள் வேண்டும். அந்த வலது தோளைத்தான் எட்டு மாதத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டாள்.

எட்டு மாதமும் அவளுக்குத் தலை பின்னிவிட்டது அவர்தான். தினமும் கோணல். அவளும் இடது கையால் எழுதப் பழகினாள், சாப்பிடப் பழகினாள். ஒரு நாள் தூண்டிலைத் துணி சுற்றி அலமாரி மேல் போட்டுவிட்டாள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் சனிக்கிழமை காலையில், "நாளைக்கு ஏரிக்குப் போறேன். புது ரீல், கயிறு எல்லாம் வாங்கிட்டேன்" என்று அவள் சொன்னதும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"நான் சுத்தித் தர்றேன். நீ தொடக் கூடாது."

"எப்படிச் சுத்தணும்னு கேட்டுட்டு சுத்துங்க."

"சுத்துறதுல எனக்கே பாடமா? போ, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, தூண்டில் கயிற்றைச் சுற்றி வைக்கும் அந்த ரீலோடு வந்த தாளை வரிவரியாகப் படித்தார். வலது கையால் வீசுகிறவர்களுக்கு ஒரு திசையில் சுற்ற வேண்டுமாம், இடது கைக்காரர்களுக்கு எல்லாம் தலைகீழ். ரீலுக்குள் இருக்கும் தடையையும் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் மீன் இழுக்கும்போது கயிறு தறிகெட்டு ஓடும். நல்லவேளை படித்தோம் என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டு, தடையை இடது கைக்குப் புரட்டினார். மெல்லிய அடிக்கயிறு நூறு மீட்டர். அதன் தலையில் தடித்த கயிறு. அதில் எந்த முனை ரீலுக்கு என்று ஒட்டியிருந்த சீட்டை இரண்டு தரம் படித்துவிட்டே முடிச்சுப் போட்டார். கடைசியில் பூச்சியைக் கட்டக் கண்ணாடிபோல ஒரு துண்டு நைலான் நரம்பு. ஒரு சுற்றின்மேல் இன்னொன்று ஏறவில்லை.

மாலையில் அவள் தூண்டில் கோலோடு கடைக்கு வந்து, ரீலின் கைப்பிடியை ஒரு முறை திருப்பிப் பார்த்தாள்.

"இது இடது கைக்கு சுத்தியிருக்கு."

"கண்டுபிடிச்சிட்டியே! உள்ள இருக்கிறதைக்கூட மாத்திட்டேன்."

"நான் வலது கையாலதாங்க வீசப் போறேன்."

அவர் அவள் தோளைப் பார்த்தார். "டாக்டர்…?"

"போன வாரமே சரின்னுட்டார். ஏரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க என் கையைக் கைகழுவிட்டீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று தினமும் வாயால் சொன்னாரே தவிர, மனதுக்குள் ஒரு நாளும் நம்பவில்லை. ரீல் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவள் வலது கையில் தூண்டில் கோலை எடுத்தாள். தோள்வரை தூக்கினாள். அங்கே ஒரு கணம் கை நின்றது. பிறகு காதைத் தாண்டி மேலே போய், ஒரே வீச்சு. கோலின் நுனி, தொங்கிக்கொண்டிருந்த விசிறியில் இடித்ததில் அதன் இறக்கை சுற்ற ஆரம்பித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது. நாளைக்கும் வலிக்கும். முதல்ல இதை அவிழுங்க."

காயில்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்து, சுற்றியது அத்தனையையும் உருவிப் போட ஆரம்பித்தார். தான் செய்த வேலை தப்பாகப் போனதில் அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததே இல்லை.