ஒற்றைக் காலுறை

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, ஊரே நம்பும் பொய்யைக் கண்டால் பேசாமல் கடந்து போகத் தெரியாது. ஒரு ஆள் சொல்லும் பொய் என்றால் சுலபமாக நம்பிவிடுவார். இதோ வந்துவிட்டேன் என்று டாக்சிக்காரர் சொன்னால் அந்த நிமிடமே வாசலில் போய் நின்றுகொள்வார். ஆனால் டுரியான் பழம் தின்றுவிட்டு சோடா குடித்தால் உயிர் போகும், இடி இடிக்கும்போது கைப்பேசியைத் தொட்டால் மின்னல் தேடி வரும், ராத்திரியில் தலைக்குக் குளித்தால் வாதம் வரும் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். நாற்காலியின் நுனிக்கு வந்து, "அது அப்படி இல்லீங்க" என்று தொடங்குவார். எதிராளி ஒப்புக்கொள்ளும்வரை நிறுத்த மாட்டார். யாரும் ஒப்புக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. கைப்பேசியில் எங்கள் குடும்பப் புலனக் குழுவிலிருந்து அவரை நீக்குவதும், யாருக்காவது பிறந்தநாள் வந்தால் வாழ்த்துச் சொல்வதற்காக மறுபடி சேர்ப்பதும் வழக்கமாக நடந்துகொண்டிருந்தது.

ஈப்போவில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எழுதும் கணினி நிரல்களில் பிழை கண்டுபிடிப்பது அவருடைய வேலை. வீட்டிலிருந்து பார்ப்பதை அப்போது எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் வேலையாக மதிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவிடம் வந்து, தன் மச்சானுடைய லோரிக்கு ஆள் வேண்டியிருக்கிறது, தம்பியை அனுப்பி வைக்கலாமே என்று இரக்கப்பட்டுச் சொன்னார். அதையும் வேலை என்று நம்பிய சிலர் கெட்டுப்போன காற்றாடியையும் ரைஸ் குக்கரையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். கணினி தெரிந்தவருக்குக் காற்றாடி தெரியாதா என்பது அவர்கள் கணக்கு. மாமா முதலில் அவர்களுக்கு அது வேறு, இது வேறு என்று விளக்குவார். பிறகு மனசு கேட்காமல் காற்றாடியைப் பிரித்து, இருந்ததையும் கெடுத்துக் கொடுப்பார்.

இப்படிப்பட்டவருக்குப் பெண் தேடினாள் என் அம்மா. தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்தவள் அவள்தான். மாமாவுக்கு முன்நெற்றி ஏறிக்கொண்டே போனது. சுங்காயில் ஒரு இடம் கூடிவந்தபோது, கிரகணத்தன்று பெண்ணின் அக்கா கர்ப்பமாக இருந்தாள், அதனால்தான் குழந்தைக்கு உதடு பிளந்துவிட்டது என்று அவர்கள் வருத்தத்தோடு சொன்னார்கள். மாமா ஒரு எலுமிச்சம்பழத்தையும் கைப்பேசி விளக்கையும் வைத்துக் கிரகணத்தை நடத்திக் காட்டினார். சிலிம் ரிவரில் டுரியான் கொடுத்தார்கள். மாமா அதைத் தின்றுவிட்டு, வேண்டுமென்றே சோடா கேட்டு வாங்கி, அவர்கள் கண்முன்னே குடித்தார். உயிரின்மேல் ஆசையில்லாத பையனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தவளை தன் வாயால் கெடும் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மனிதன் மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறான் என்பது இதனால்தான் தெரிகிறது என்றார் மாமா. அதுவும் ஊர் நம்பும் பொய்தான் என்று பின்னாளில் நான் படித்தேன்.

அடுத்தது ஹுத்தான் மெலிந்தாங்கில் அமைந்தது. பெண் பாலர் பள்ளி ஆசிரியை. அப்பா செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கி, ஓய்வு பெற்றவர். ஜாதகம் பொருந்திவிட்டது. படம் பார்த்து மாமாவுக்கும் பிடித்துவிட்டது. அவருக்கு ஒருத்தியைப் பிடித்தது அதுவே முதல்முறை. வீட்டில் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த அம்மா இந்த முறை அவர் வாயை நம்புவதில்லை என்று முடிவு செய்து, என்னை நியமித்தாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. என் வேலை எளிது. மாமா எப்போது "அது அப்படி இல்லீங்க" என்கிறாரோ, அப்போது நான் எனக்கு ஒன்றுக்கு வருகிறது என்று சொல்ல வேண்டும். மாமா கூட்டிக்கொண்டு போனால்தான் போவேன் என்று அடம்பிடிக்க வேண்டும். அவர் எழுந்து போய்த் திரும்புவதற்குள் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். ஒழுங்காகச் செய்தால் திரும்பும் வழியில் தெலுக் இந்தானில் ஐஸ் கச்சாங் வாங்கித் தருவதாக ஒப்பந்தம். காரோட்டப்போகிற அப்பா இதில் கருத்து எதுவும் சொல்லவில்லை. அப்பா எதிலும் கருத்துச் சொல்வதில்லை. அதனால்தான் அவருக்குக் கல்யாணம் ஆனது என்று அம்மா சொன்னாள்.

அந்த வீட்டில் எங்களை நன்றாகத்தான் வரவேற்றார்கள். வடையும் கேசரியும் வந்தன. என் கண் மட்டும் பெண்ணின் அப்பாவுடைய காலிலேயே நின்றது. வீட்டுக்குள் எல்லாரும் வெறுங்காலோடு இருக்க, அவர் இடது காலில் மட்டும் கறுப்புக் காலுறை போட்டிருந்தார். அதன் விளிம்பில் மஞ்சள் கறை தெரிந்தது. ஏன் ஒரு காலுக்கு மட்டும் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் என் வசனம் வேறு என்பதால் அடக்கிக்கொண்டேன்.

முதலில் பெண்ணின் அம்மா ஆரம்பித்தார். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்தால் அந்த வெளிச்சத்தில் ஆம்பளைகளுக்குப் பிள்ளை பிறக்காது என்று புலனத்தில் வந்ததே, உண்மையா என்று தயங்கிக் கேட்டார். மாமா நுனிக்கு வந்தார். "அது அப்படி இல்லீங்க" என்றார். எனக்கு ஒன்றுக்கு வந்தது. அவர் என்னைக் குளியலறைக் கதவுவரை கூட்டிப்போய்த் திரும்பி வந்தபோது பேச்சு கோவில் திருவிழாவுக்குப் போயிருந்தது.

பிறகு பெண் வந்து தேநீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே ஓடாமல், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மாமாவைப் பார்த்து நேராக ஒன்று கேட்டாள்.

"நீங்க பிழை இருக்குன்னு சொன்னா, எழுதுனவங்களுக்குக் கோபம் வராதா?"

"வரும்," என்றார் மாமா. "கொஞ்ச நாளைக்கு என்கிட்ட பேசக்கூட மாட்டாங்க. ஆனா திருத்திடுவாங்க."

அவள் சிரித்தாள். மாமாவின் வேலை என்ன என்பதைப் புரிந்துகொண்டு கேட்ட முதல் ஆள் அவள்தான். மாமாவின் காது சிவந்துவிட்டது. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். காரியம் பலித்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

அதற்குள் பெண்ணின் அப்பா, கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினால் மூளையில் கட்டி வரும் என்றார். மாமா உடனே அப்படி இல்லை என்றார். எனக்கு மறுபடி ஒன்றுக்கு வந்தது.

இரண்டாம் முறை திரும்பி வந்தபோது எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பிள்ளை இப்படி அடிக்கடி போகிறதே, கவனிக்கக் கூடாதா என்றார் பெண்ணின் அம்மா. போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று விசாரித்தார். இனிப்புநீராக, சர்க்கரை வியாதியாக இருக்கலாம், இந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் வருகிறது என்றார். என் கேசரித் தட்டு என்னிடமிருந்து மெதுவாக நகர்த்தப்பட்டது.  நடிப்பு என்று அம்மாவால் சொல்லவும் முடியாது, நோய் என்று ஒப்புக்கொள்ளவும் முடியாது.

பெண்ணின் அப்பா அம்மாவைத் தேற்றினார். தனக்கும் அதே இனிப்புநீர்தான், பயப்பட ஒன்றுமில்லை, ஒரு வேரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் அடங்கிவிடும் என்றார். கிளினிக்கில் கொடுக்கிற மாத்திரையை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்துவிடக் கூடாது, அது கிட்னியைத் தின்றுவிடும் என்று எச்சரித்தார். தன் கூட்டாளிகளில் மாத்திரை போட்டவன் எல்லாம் இன்றைக்கு ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் படுத்திருக்கிறான். தனக்குக் காலில் ஒரு புண் வந்ததே, யாரிடம் போனேன், மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன், வலிகூட இல்லை என்று காலுறைக் காலைத் தட்டிக் காட்டினார்.

மாமா அந்தக் காலைப் பார்த்தார். நுனிக்கு வரவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து, கொஞ்சம் மெதுவாக, "அது அப்படி இல்லீங்க" என்றார்.

எனக்கு ஒன்றுக்கு வருகிறது என்று நான் சொன்னேன். மாமா கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றும் சொன்னேன். மாமா எழுவதற்குள், தேநீர் கொடுத்த அந்த அக்கா எழுந்துவிட்டாள்.

"நீங்க பேசுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்," என்று என் கையைப் பிடித்தாள்.

அம்மா என்னைப் பிடிக்கக் கையை நீட்டி, இழுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரப்போகும் பெண்ணே பிள்ளையின் கையைப் பிடிக்கும்போது என்னவென்று சொல்லித் தடுப்பது? அக்கா குளியலறைப் பக்கம் போகவில்லை. சமையல்கட்டைத் தாண்டிப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ரம்புத்தான் மரம் சிவப்பாகக் காய்த்துக் கிடந்தது. என்னை மரத்தடியில் உட்காரவைத்து, ஒரு கொத்தைப் பறித்து என் மடியில் போட்டாள். நான் ஒன்றுக்குப் போக வேண்டும் என்பது அதோடு மறந்துபோனது மாதிரி ஆகிவிட்டது.

உள்ளேயிருந்து பேச்சு கேட்டது. வலி இல்லாததுதான் ஐயா பயம், நரம்பு செத்துப்போனால் வலிக்காது என்றார் மாமா. கிட்னியைத் தின்பது மாத்திரை இல்லை, ரத்தத்தில் நிற்கிற சர்க்கரை என்றார். பெண்ணின் அப்பா தன் கூட்டாளிகளின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி, எல்லாரும் மாத்திரை போட்டவர்கள்தானே என்று கேட்டார். அவர் குரல் ஏறிக்கொண்டே வந்தது.

"மழை பெய்யிற அன்னைக்குத்தான் எல்லாரும் குடை பிடிக்கிறாங்க," என்றார் மாமா. "அதுக்காகக் குடையாலதான் மழை வந்துச்சுன்னு சொல்வீங்களா?"

"பொண்ணு பாக்க வந்தீங்களா, எனக்குப் பாடம் எடுக்க வந்தீங்களா?"

அதற்குப் பிறகும் மாமா நிறுத்தவில்லை. காலுறையைக் கழற்றிக் காட்டச் சொன்னார். இந்த வாரமே போகாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று, ஒரு மாப்பிள்ளை மாமனார் வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தையைச் சொன்னார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நாங்கள் உள்ளே போனபோது எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். தேநீர் ஆறிப்போயிருந்தது. அக்கா யாரையும் பார்க்காமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். அவள் கண் கலங்கியிருந்தது. சம்பந்தம் போய்விட்டதே என்று அழுகிறாள் என நினைத்தேன். நான் நினைத்தது பாதிதான் சரி.

ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் வந்து சொன்னார். பொருந்தியது என்று சொன்னவரும் அவர்தான். ஜாதகம் என்பதே ஒரு பெரிய கதை என்று மாமா தொடங்கப் பார்த்தார். அம்மா முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு செய்தியும் அந்தத் தரகர் மூலமாகவே வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லையாம். அந்தப் பையன் சொன்னது தப்பு என்று ஒரு டாக்டர் வாயாலேயே சொல்லவைக்கிறேன் என்று கிளம்பி, வேண்டாம் என்றிருந்த அரசாங்கக் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். காலுறையைக் கழற்றியதும் அவரை அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. மாத்திரையும் போடுகிறாராம். ஆனால் மாமாவின் பேரைச் சொன்னால் இன்னும் ஏசுகிறாராம்.

சண்டையில் ஜெயித்துப் பெண்ணைத் தோற்றாயே என்றாள் அம்மா.

"கால் இருக்குல்லக்கா," என்றார் மாமா. அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவருக்கு வெகுகாலம் கழித்து வேறு இடத்தில் கல்யாணமானது. அத்தை நல்லவர். மாமா பேசத் தொடங்கினால் காது கேட்பதற்காக மாட்டியிருக்கும் கருவியைக் கழற்றி வைத்துவிடுவார்.

அம்மா மட்டும் இன்றைக்கும், நான் ஒன்றுக்குப் போவதை ஒழுங்காகச் செய்திருந்தால் அந்தச் சம்பந்தம் நின்றிருக்காது என்று சொல்வாள். பின்வாசலில் என்ன நடந்தது என்று அவள் கேட்டதில்லை. மரத்தடியில் அக்கா என் எதிரே குந்திக்கொண்டு, "உனக்கு ஒண்ணுக்கே வரலதானே?" என்று கேட்டாள். தினமும் பாலர் பள்ளியில் இந்தச் சாக்கைக் கேட்டுப் பழகியவளிடம் நான் என்ன மறைப்பது? அம்மாவின் ஏற்பாட்டை முழுக்கச் சொல்லிவிட்டேன். மாமாவைப் பேசவிட்டால் கல்யாணம் நின்றுவிடும், அதனால் நான் உடனே உள்ளே போக வேண்டும் என்றும் சொன்னேன்.

"கண்டிப்பா நின்னுடுமா?" என்று கேட்டாள்.

எல்லா வீட்டிலும் அப்படித்தான் நின்றது என்றேன். அவள் எழுந்து சமையல்கட்டு வாசலில் சாய்ந்து நின்றாள். உள்ளே மாமாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு திரும்பி வந்து இன்னொரு கொத்தைப் பறித்து, "அவசரமில்ல, இன்னும் ரெண்டு பழம் சாப்பிடு" என்றாள்.

அன்றைக்குத் திரும்பும்போது தெலுக் இந்தானில் கார் நிற்கவில்லை. பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, ஈப்போவில் வீட்டுக்குத் திரும்பும் முனையில், அந்த அக்கா என்னிடம் என்ன சொன்னாள் என்று மெல்லக் கேட்டார்.

நான் உள்ளதைத்தான் சொன்னேன். இன்னும் ரெண்டு பழம் சாப்பிடச் சொன்னாங்க என்றேன்.