அடி வாங்கிய ஹெல்மெட்

மேலப்பாளையம் நஃபீஸத்துக்குப் பதினோரு வருடம் ஹெல்மெட் உடைப்பதுதான் வேலையாக இருந்தது. கணவர் அலி அக்பரோடு ஓசூரில் குடியிருந்தபோது, ஒரு ஹெல்மெட் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் இருந்தாள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு போகிற சரக்கில் சிலவற்றை எடுத்துச் சுட வைப்பார்கள், தண்ணீரில் ஊற வைப்பார்கள். பிறகு உலோகத் தலையில் மாட்டி, ஆள் உயரத்துக்கும் மேலிருந்து இரும்புக் கட்டைமேல் விழவிடுவார்கள். தலைக்குள் இருக்கும் கருவி அதிர்ச்சியை அளந்து சொல்லும். அப்படி விழுந்த ஹெல்மெட் விற்பனைக்குப் போகாது. "நல்ல சாமான ஒடைக்கதுக்கா சம்பளம் குடுக்காங்க?" என்று அவள் உம்மா கேட்டுச் சிரிப்பார்.

ஊர் திரும்பிப் பாளையங்கோட்டையில் ஹெல்மெட் கடை போட்ட இரண்டாம் வருடம், மின்வாரிய லைன்மேன் இசக்கிமுருகன் வந்தார். மணிமுத்தாறு சாலையில் காட்டுப்பன்றி குறுக்கே பாய்ந்து, பைக்கோடு விழுந்து, தலை மைல்கல்லில் மோதியிருக்கிறது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"முன்னால உள்ள கண்ணாடிய மட்டும் மாத்திக் குடும்மா."

ஹெல்மெட்டை வாங்கி உள்துணியை விலக்கிப் பார்த்த நஃபீஸத், "இத இனிமே போடக் கூடாது அண்ணாச்சி" என்றாள்.

"என் உசுரக் காப்பாத்துனதே இதுதான். இதப் போயி தூரப் போடச் சொல்லுதியே!"

"காப்பாத்திட்டுல்லா, அதோட வேலை முடிஞ்சிட்டு. இங்கன வெரல வச்சுப் பாருங்க. மோதுன வேகத்தப் பூரா இந்த நுரை வாங்கியிருக்கு. அமுங்குனது திரும்ப எந்திரிக்காது. இன்னொரு தடவ விழுந்தா அடி நேரா ஒங்களுக்குத்தான்."

வெள்ளை நுரையில் விழுந்திருந்த பள்ளத்தில் அவர் கட்டைவிரலை வைத்தார். மறு கையால் தன் இடது காதுக்கு மேலே, நரைமுடிக்குள், அதே இடத்தைத் தடவிப் பார்த்தார்.

நஃபீஸத் எத்தனையோ ஆயிரம் எண்களை நோட்டில் குறித்திருக்கிறாள், எல்லாம் உலோகத் தலைகள். பிழைத்து வந்து எதிரே நிற்கிற தலையை அன்றுதான் பார்த்தாள்.

வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதென்று தாடைக்குக் கீழே மாட்டும் நாடிப்பட்டையை வெட்டக் கத்தரியை எடுத்தாள். "நீயே வெட்டிரும்மா, எனக்குக் கை வராது" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புது ஹெல்மெட்டோடுதான் வீட்டுக்குப் போனார்.

மறுவாரம் மனைவி தனலட்சுமியையும் கூட்டிவந்தார். அவள் தலை நிறையப் பிச்சிப்பூ. "பூ நசுங்குமே" என்று முரண்டு பிடித்தாள். நஃபீஸத் பூவைப் பையக் கழற்றிப் பின்னலின் அடியில் கட்டிவிட்டு, மூன்று அளவு மாட்டிப் பார்த்தாள்.

"ஆட்டிப் பாருங்கக்கா."

தனலட்சுமி தலையை வேகமாக ஆட்டினாள். ஹெல்மெட் அசையவில்லை.

"மூஞ்சி பாக்க ஒரு கண்ணாடி குடு பாப்பம்" என்றாள்.