எட்டாம் நிலைக் கத்தி

நேற்று ஆயுத பூஜை. கணபதி பகுதியில் நான் வேலை செய்யும் பட்டறையில் லேத் இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். பொரி, வாழைப்பழம், இயந்திர எண்ணெய் மூன்றும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. எல்லோருக்கும் அது பண்டிகை வாசனை. நான் மட்டும் வாசல் பக்கம் போய் நின்றுகொள்வேன். பட்டறையில் யாரும் காரணம் கேட்டதில்லை. கேட்டாலும் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. உங்களிடம் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். இது ஒரு கத்தியைப் பற்றியது. கையால் தொடமுடியாத கத்தி.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து லேத்தில் முருகேசன் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போவோம். ஏசி குளிரும் பழைய சாக்ஸ் நாற்றமுமாக இருக்கும் அந்த அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆன்லைன் விளையாட்டு ஒன்றை ஆடுவோம். காட்டில் பன்றி அடிக்க வேண்டும். பன்றி செத்தால் எப்போதாவது ஒரு கல் கிடைக்கும். போதுமான கல் சேர்த்துக் கத்தியில் பதித்தால் கத்தி ஒரு நிலை ஏறும். சில சமயம் ஏறாமல் உடைந்தும் போகும்.

நான் அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவன். கத்தியைப் பற்றி இங்கிலீஷில் ஏழெட்டு வரி எழுதியிருக்கும். எனக்குப் படிக்கத் தெரிந்தது அதன் பக்கத்தில் இருந்த எண் மட்டும்தான். ஏழு எட்டானால் பெரிய விஷயம் என்று நினைத்தேன். படித்த பையன்களும் அந்த எண்ணைத்தான் பார்த்தார்கள் என்பது ஒரு ஆறுதல்.

எட்டாம் நிலைக்கு என்னிடம் இருந்த கல் போதவில்லை. முருகேசன் ஒரு கேடயத்துக்காக மாதக்கணக்கில் கல் சேர்த்து வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கங்க மாப்ள, கேடயம் எங்க ஓடிப்போகுது" என்று அத்தனையும் கொடுத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினேன். உடையவில்லை. கத்தி நீலமாக எரிந்தது.

உடனே பன்றி அடிக்கப் போனோம். ஒரு பன்றி சாக எத்தனை அடி என்று முருகேசன் விரல்விட்டு எண்ணினார்.

"ஏனுங் மாப்ள, முன்னயும் ஒம்போது அடி, இப்பவும் ஒம்போது அடி. அப்பறம் என்னத்துக்குங்க இந்த வெளிச்சம்? கல்யாண ஊட்டு சீரியல் லைட்டா?"

அவர் சொன்னது சரி. பட்டறையில் தலைமுடி அளவு வித்தியாசத்துக்குக்கூட வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்க்கும் நான், அந்தக் கத்தியை ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. அளக்கவும் விருப்பமில்லை. விளையாட்டில் ஊர்ச் சந்தைக்குப் போனால் முகம் தெரியாத ஆட்கள் நின்று என் கத்தியைப் பார்த்தார்கள். நிஜத்தில் பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு இறங்கிவிடுகிறவன் நான். யாராவது நின்று பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அதோடு, அத்தனை கல்லைச் செலவழித்த பிறகு அது சாதாரணக் கத்தி என்று எந்த வாயால் சொல்வது?

அந்த வருட ஆயுத பூஜை அன்றைக்குப் பட்டறையில் பூஜை முடிந்து, ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டு சென்டருக்குப் போனோம். அன்றைக்கு எதையும் கையில் எடுக்கக் கூடாது அல்லவா?

"இந்தக் கத்திக்கும் லீவு குடுக்கோணும்ங்க" என்று சொன்னது நான்தான்.

விளையாட்டில் சந்தை நடுவே ஒரு கோபுரம் உண்டு. அதன் அடியில் இரண்டு பேரும் கத்திகளைக் கீழே வைத்தோம். முருகேசன் தன் நெற்றிச் சந்தனத்தைத் தொட்டு இரண்டு மானிட்டரிலும் பொட்டு வைத்தார்.

சென்டர் கடைக்காரர் சத்தம் போட்டார். "ஏனுங், நாளைக்கு வர்ற கஸ்டமர் கும்புட்டுப்போட்டு காசு குடுக்காமப் போயிருவாருங்க!"

சிரித்துக்கொண்டே திரை பக்கம் திரும்பினேன். முருகேசன் கத்தி கிடந்தது. என் கத்தியைக் காணோம். கீழே கிடப்பதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது அந்த விளையாட்டின் விதி. அது எனக்கும் தெரியும். ஆனாலும் என் வாயில் வந்தது இதுதான்:

"நீங்க எடுத்துப் பைக்குள்ள போட்டுட்டீங்களாங்க?"

வாழ்க்கையில் பேச வேண்டிய இடத்திலெல்லாம் பேசாமல் இருந்தவன், அங்கே பேசிவிட்டேன்.

முருகேசன் தன் பையைத் திரையில் திறந்து காட்டினார். ஒன்றுமில்லை. இருந்த கல்லையெல்லாம் எனக்குத்தான் கொடுத்திருந்தாரே. "வாரேனுங்க" என்று எழுந்து போனார்.

அதன்பிறகு பட்டறையில் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. தீபாவளி முடிந்ததும் ஈரோட்டுப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அவர் கடைசியாகக் கணக்கு முடித்துக் கிளம்பியபோது, லேத்தை நிறுத்தாமல் குனிந்தே நின்றேன்.

பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது பேக்கரி. அந்த விளையாட்டையும் என்றைக்கோ மூடிவிட்டார்கள். சந்தை, கோபுரம், பன்றிகள் எதுவும் இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அன்றைக்கு முருகேசன் எழுந்து போன பிறகும் அவருடைய மங்கலான கத்தி கோபுரத்தடியில் கிடந்தது. எத்தனையோ பேர் அதைத் தாண்டிப் போனார்கள், ஒருவரும் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிடலாம் என்று நான்தான் எடுத்து வைத்தேன். விளையாட்டை மூடிய நாள்வரை அது என் பையில்தான் இருந்தது.