மூன்று ஆணி

கொல்லிமலையின் பைல் நாட்டில் ருக்குமணிக்கு ‘வீணைக்காரி’ என்று பட்டப்பெயர். வீணையை அவள் தொட்டதுகூட இல்லை. மிளகு பறிப்பாள், மரவள்ளி நடுவாள், வாய் ஓயாமல் ஒரே கதையைச் சொல்வாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவர்கள் காட்டில் ஒரு பலா, காய்க்காமல் சும்மா வளர்ந்து நின்றது. ஆணி அறைந்தால் காய்க்கும் என்பார்கள். ருக்குமணி நான்கு விரல் இடைவெளி விட்டு மூன்று ஆணி அறைந்தாள். பலா மசியவில்லை. கடைசியில் ஓர் ஆசாரி வந்து, ஞானாம்பிகை அம்மாளுக்கு வீணை செய்யப்போவதாகச் சொல்லி மரத்தை வாங்கிப் போனார். அந்த அம்மாள் பிறகு ஊர் உலகமெல்லாம் வாசித்துப் பேர் எடுத்தார்.

“அது எங்க மரமாக்கும்” என்று ருக்குமணி சொன்னால் ஊரே சிரிக்கும். பக்கத்து வீட்டுப் பாப்பாத்திதான் அதிகம் சிரிப்பாள்.

ஞானாம்பிகையின் வாழ்க்கையைச் சேலத்து அருங்காட்சியகம் ஒன்றில் கண்காட்சியாக வைத்தார்கள். “வா, போய்ப் பாத்துப்போடலாம். பொய்யின்னா இனி நீ வாயத் தொறக்கப்படாது” என்றாள் பாப்பாத்தி. பஸ் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கும்வரை ருக்குமணிக்கு ஒரே யோசனைதான். ஆசாரி அன்று சும்மா சொல்லியிருந்தால்?

அம்மாளின் பட்டுப்புடவை, விருதுகள் எல்லாம் தாண்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வீணை இருந்தது. விளக்கம் சொல்லும் பெண் வீணையின் குடத்தைக் காட்டினாள். “மூணு கரும்பொட்டு தெரியுதா? திருஷ்டிக்காக ஆசாரி வச்சதுன்னு சொல்வாங்க. அதை அழிக்க அம்மா விடவேயில்லை.”

ருக்குமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. “பொட்டில்லீங்க சாமி. நான் அறைஞ்ச ஆணிங்க. இரும்புக் கறை.”

“எப்படிங்கம்மா நம்புறது?”

ருக்குமணிக்கு முன்னால் பாப்பாத்தி முந்திக்கொண்டாள். “ஏனுங்க, முப்பது வருசமா இதே மூணு ஆணி, நாலு விரல் எட்டம்னு கேட்டுக் கேட்டு எங்காது புளிச்சுப்போச்சு! இந்த வீணைய இவ பாக்கறதே இன்னைக்குத்தானுங்க!”

ருக்குமணி கண்ணாடிமேல் நான்கு விரலை வைத்தாள். பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவே கச்சிதமாகப் பொருந்தியது. அந்தப் பெண் ஒரு கணம் பார்த்துவிட்டு, ‘மரம்: கொல்லிமலை, பைல் நாடு’ என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். பெரிய அதிகாரியிடம் சொல்வதாகவும் சொன்னாள்.

திரும்பும்போது பஸ் முழுக்கப் பாப்பாத்தியின் குரல்தான். “எங்க மலை மரமுங்க! நாலு ஆணிங்க!” என்று கண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

ஜன்னலோரம் பெருமையில் பூரித்து உட்கார்ந்திருந்த ருக்குமணி எழுபது வளைவுக்கும் சேர்த்து ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்.

“மூணு.”