கருப்பட்டி தின்ற எலி

கித்துள் மரத்துக் கருப்பட்டி வாசம் வந்தால் போதும், கண்டியில் இன்று இல்லாமல் போன எங்கள் கடையின் பின்னறைக்குப் போய்விடுகிறேன். அங்கே சுண்டெலி கீச்சிடும், பெருச்சாளி உறுமும், கூரையில் அணில் ஓடும், நான் கருப்பட்டியைக் கடித்துவிட்டுப் பழியை அவற்றின்மேல் போடுவேன். எல்லாக் கடியும் ஒன்றென்று நினைத்த மடையன் நான்.

எலி பிடிக்காத என் பூனையைத் தெல்தெனிய போகும் மாட்டுவண்டியில் அனுப்ப, வாப்பா ஒருநாள் சாக்கில் போட்டுக் கட்டினார். நான் போட்ட ஒப்பாரியில் சந்தேகப்பட்டுக் கருப்பட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

“சுண்டெலி கடிச்சா ஊசிக்கோடு ஈக்கும், பெருச்சாளி கடிச்சா உளி வெச்ச மாதிரி ஈக்கும். இது முன்பல்லு ரெண்டும் இல்லாத எலி. வாயத் தொற மகன்!”

திறந்தேன். பல் விழுந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

வாப்பா சாக்கை அவிழ்த்தார். “பூன நிக்கட்டும். இந்த எலிய எங்க கொண்டு விடுற?”